கையடக்க பிளேயரை டிவியில் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய ஐபாட் கிளாசிக் இருந்தது. மகள் கல்யாண வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறதாம். ஏற்றிய கம்ப்யூட்டர் எப்போதோ செத்துப்போய்விட்டது. "இதை டிவியில போடுப்பா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தவனுக்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் வாங்கிய சாமான் ஆறு, உதவியது இரண்டு. விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும், பரணில் கிடந்த பிளேயரையெல்லாம் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்தான் கீழே இருக்கிறது.

எடுத்த எடுப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

கடைக்கு ஓடுவதற்கு முன் டிவியின் முதுகைப் பாருங்கள். சுவரில் மாட்டிய டிவி என்றால் செல்போன் கேமராவைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பார்ப்பது சுலபம். அங்கே மஞ்சள், வெள்ளை, சிவப்பு வட்டத் துளைகள் இருக்கலாம், தட்டையான எச்டிஎம்ஐ இருக்கலாம், யுஎஸ்பி இருக்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இன்' என்றோ 'அவுட்' என்றோ எழுதியிருக்கும். நமக்கு வேண்டியது 'இன்'.

அடுத்தது பிளேயர். அது வெளியே அனுப்புவது படமா, வெறும் ஒலியா, அல்லது ஃபைலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒயர் வாங்கி ஏமாறுகிறவர்கள் எல்லாரும் தடுக்குவது இந்த இடத்தில்தான். பின் துளைக்குள் கச்சிதமாக நுழைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நுழைவது வேறு, உள்ளே போகும் சிக்னல் டிவிக்குப் புரிவது வேறு. நானும் அதில் மூன்று முறை ஏமாந்தவன்தான்.

பிளேயருக்கு யுஎஸ்பி ஒயர் இருக்கு, டிவியிலயும் யுஎஸ்பி இருக்கு. நேரா மாட்டினா என்ன அண்ணே?

மாட்டலாம், கெட்டுப்போகாது. ஆனால் டிவியின் யுஎஸ்பி துளை வழியாகப் படம் உள்ளே வராது. அது ஃபைலைத் தேடிப் படிக்கும் துளை. பிளேயரில் நீங்கள் வீடியோவை ஓட்டினால் அது பிளேயர் திரையில்தான் ஓடும். டிவிக்கு அந்தப் பிளேயர் ஒரு பென் டிரைவாகத் தெரிந்தால் மட்டும், ஃபைல் பட்டியலைக் காட்டி, தானே எடுத்து ஓட்டும்.

சீனாவில் செய்து வந்த பழைய எம்பி4 பிளேயர்கள் பெரும்பாலும் பென் டிரைவாகத் தெரியும். அதனால் அவற்றில் பிரச்சினை குறைவு. ஆண்ட்ராய்டு போன்கள் அப்படியில்லை. ஆரம்பகால ஆண்ட்ராய்டுகளுக்குப் பிறகு வந்தவை எம்டிபி என்ற முறையில்தான் பேசும், பல டிவிகளுக்கு அந்தப் பேச்சு புரியாது. போன் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பிளேயரின் அமைப்புகளில் 'எம்டிபி', 'எம்எஸ்சி' என்று இரண்டு தேர்வு கொடுத்திருந்தால் எம்எஸ்சிக்கு, அதாவது பென் டிரைவாகத் தெரியும் முறைக்கு, மாற்றிப் பாருங்கள்.

மூணு கலர் ஒயரில் எது எதற்கு?

மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. டிவியில் ஒலிக்கு ஒரே துளைதான் இருக்கிறது என்றால் வெள்ளையை அதில் போடுங்கள்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. சில எல்இடி டிவிகளில் மஞ்சள் துளையே தென்படாது. ஆனால் பச்சைத் துளையின் பக்கத்தில் 'வீடியோ' என்றும் 'ஒய்' என்றும் சேர்த்து எழுதியிருக்கும். மஞ்சள் பின் அந்தப் பச்சைக்குள் போக வேண்டும். பக்கத்திலிருக்கும் நீலத்தையும் இன்னொரு சிவப்பையும் தொடாதீர்கள், அவை காம்போனென்ட் என்ற வேறு வகை இணைப்புக்கானவை. இன்னும் சில டிவிகளில் வட்டத் துளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, 'ஏவி இன்' என்று ஹெட்போன் துளை மாதிரி ஒன்றை மட்டும் வைத்திருப்பார்கள். அதற்கான குட்டி இணைப்பு ஒயர் டிவி வாங்கிய பெட்டியிலேயே வந்திருக்கும். பெட்டியைத்தான் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்பீர்கள்.

ஹெட்போன் துளையிலிருந்து மூணு கலர் ஒயர் போட்டேன். பாட்டு வருது, படம் வரல. ஸ்பீக்கர்ல வண்டு மாதிரி சத்தம் வேற வருது.

அந்த வண்டுச் சத்தம் நல்ல சகுனம். படத்துக்கான சிக்னல் ஒலித் துளைக்குள் போனால்தான் அப்படி 'ர்ர்ர்' என்று இரைச்சல் கேட்கும். பிளேயர் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது, அது தப்பான ஒயர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

காரணம் பின்னிலேயே இருக்கிறது. சாதாரண ஹெட்போன் பின்னைப் பாருங்கள், இரண்டு கருப்பு வளையம், அதாவது மூன்று தொடர்புகள்: இடது, வலது, கிரவுண்ட் (இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி). படத்தையும் சேர்த்து அனுப்பும் பின்னில் மூன்று வளையம், நான்கு தொடர்புகள். இந்த நான்கில் எது படம், எது கிரவுண்ட் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. கேம்கார்டருக்கு (கையில் பிடித்து எடுக்கும் வீடியோ கேமரா) ஒரு வரிசை, ஐபாடுக்கு ஒன்று, மற்ற பிளேயர்களுக்கு இன்னொன்று. கடையில் தொங்கும் ஒயரைப் பார்த்து எந்த வரிசை என்று சொல்லவே முடியாது.

அதனால் நிறத்தை மறந்துவிட்டு, மூன்று பின்களையும் டிவியில் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். ஹெட்போன் துளை வழியாகப் படம் தந்த 2004, 2005 காலத்து ஐபாடுகளில் கேம்கார்டர் ஒயரைப் போட்டால் படம் சிவப்புப் பின்னில்தான் வரும். சிவப்பை மஞ்சள் துளையில் செருகிவிட்டு, மற்ற இரண்டையும் ஒலித் துளைகளில் போட்டால் சரியாகிவிடும்.

எப்படி மாற்றினாலும் வரவில்லை என்றால் கிரவுண்ட் இடம் மாறியிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்திருக்கிறவர்கள் 'பீப்' நிலையில் வைத்து, மஞ்சள் பின்னின் வெளி வளையம் நான்கு தொடர்பில் எதோடு சேர்கிறது என்று பார்த்துவிடலாம். மற்றவர்கள் வேறு ஒயர் வாங்குவதே நல்லது.

இன்னொன்று, செல்போன் ஹெட்செட்டிலும் நான்கு தொடர்பு இருக்கும். அங்கே நான்காவது, மைக்குக்கு. அதைப் பார்த்துவிட்டு போனிலிருந்து படம் வரும் என்று மூணு கலர் ஒயர் வாங்கியவர் எங்கள் தெருவிலேயே இருவர். 2007-ல் வந்த நோக்கியா என்95 போன்ற சில பழைய போன்கள் உண்மையாகவே அந்தத் துளை வழியாகப் படம் தந்தன. இன்றைய போன்கள் தருவதில்லை.

ஐபாடுக்கு எந்த ஒயர் வாங்க வேண்டும்?

எந்த வருடத்து ஐபாட் என்று முதலில் பாருங்கள். பதில் அதற்கேற்ப மாறும்.

2004-ல் வந்த ஐபாட் போட்டோ, 2005-ல் வந்த வீடியோ ஐபாட் இரண்டும் ஹெட்போன் துளையிலிருந்தே படம் தரும். மேலே சொன்ன மாற்றிச் செருகும் வித்தை இவற்றுக்குத்தான். 2007 செப்டம்பரில் ஐபாட் கிளாசிக் வந்தபோது ஆப்பிள் அந்த வழியை அடைத்துவிட்டது. அதிலிருந்து படம் அடியிலுள்ள 30 பின் தட்டைத் துளை வழியாகத்தான் வரும். அதுவும் சும்மா வராது. ஒயருக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். அந்த சிப்பிடம் அடையாளம் கேட்டுத் திருப்தியான பிறகுதான் ஐபாட் படத்தைத் திறந்துவிடும். அதே சமயத்தில் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாட் நானோவுக்கும் இதே கதை.

சித்தப்பாவுடையது 120 ஜிபி கிளாசிக். நான் முதலில் வாங்கியது ஹெட்போன் துளைக்கான ஒயர், குப்பை. இரண்டாவது, 30 பின் உள்ள ஒயர். கடைக்காரர் "எல்லா ஐபாடுக்கும் போகும் சார்" என்று அடித்துச் சொன்னார். போனது, அழகாகப் பொருந்தியது, 'கிளிக்' என்று சத்தம்கூட வந்தது. படம் வரவில்லை. உள்ளே சிப் இல்லை. கடைசியில் ஆப்பிளின் சொந்த ஏவி ஒயர் ஒன்று பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. மூணு கலர் பின்னோடு ஒரு யுஎஸ்பி பின்னும் அதில் சேர்ந்திருக்கும், சார்ஜரில் மாட்டுவதற்கு. பேட்டரி தளர்ந்துபோன பழைய ஐபாடுக்கு அது பெரிய உதவி. தாலி கட்டும் நேரத்தில் அணைந்துபோகாமல் இருக்கும்.

ஒயர் மாட்டியதும் வேலை முடியவில்லை. ஐபாடில் 'வீடியோஸ்' பக்கத்துக்குப் போய், அமைப்புகளில் 'டிவி அவுட்' என்பதை ஆன் செய்யுங்கள். பிறகு 'டிவி சிக்னல்' என்பதை 'பால்' என்று, அதாவது நம் ஊர் டிவி முறைக்கு, வையுங்கள். டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி 'ஏவி' தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றில் ஒன்றை மறந்துவிட்டு ஒயர் மேல் பழி போடுகிறவர்கள்தான் அதிகம்.

லைட்னிங் துளை உள்ள ஐபாட் டச் என்றால், அதாவது 2012 கடைசியிலிருந்து வந்த மாடல் என்றால், கதை எளிது. எச்டிஎம்ஐ தரும் லைட்னிங் அடாப்டர் வாங்க வேண்டும். பார்க்கத் துண்டு ஒயர் போல இருந்தாலும் அதற்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டரே இருக்கிறது. ஐபாட் அனுப்புவதைப் பிரித்து எச்டிஎம்ஐயாக மாற்றுவது அதன் வேலை. விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஓரளவுக்கு அதுதான் பதில்.

படம் வருகிறது, ஆனால் கருப்பு வெள்ளையாக வருகிறது. சில நேரம் மேலே மேலே உருள்கிறது.

பிளேயர் என்டிஎஸ்சி முறையில் அனுப்புகிறது, டிவி பால் முறைக்குப் பழகியது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் ஊர்கள். அதில் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். தூர்தர்ஷன் 1982-ல் கலருக்கு மாறியபோதே இதுதான். அமெரிக்கா, கனடா, ஜப்பான் எல்லாம் என்டிஎஸ்சி: 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். நிறத்தைச் சுமக்கும் அலைவரிசையும் வேறு. பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58. எதிர்பார்த்த இடத்தில் நிறம் கிடைக்காததால் டிவி கருப்பு வெள்ளையைக் காட்டுகிறது.

டொராண்டோவிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பிளேயர் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பிளேயர் அமைப்பில் 'பால்' என்று மாற்றினால் போதும். பிளேயரில் மாற்ற வழி இல்லை என்றால் டிவியின் பட அமைப்பில் 'கலர் சிஸ்டம்' என்பதை 'ஆட்டோ' ஆக்கிப் பாருங்கள்.

எங்கள் புது டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கு. மூணு கலருக்குத் துளையே இல்லை.

எங்கள் வீட்டு டிவியும் அதே ஜாதி. என் மூன்றாவது, நான்காவது செலவு இங்கேதான்.

ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூணு கலர் பின், நடுவில் வெறும் ஒயர் என்று ஒன்று விற்கிறார்கள். விலை குறைவு, பார்க்கவும் அம்சமாக இருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். மூணு கலர் ஒயரில் ஓடுவது அலைபோல ஏறி இறங்கும் அனலாக் மின்சாரம். எச்டிஎம்ஐயின் 19 பின்களில் ஓடுவது எண்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்ற நடுவில் ஒரு சர்க்யூட் வேண்டும், அதற்கு கரண்ட்டும் வேண்டும். சும்மா ஒயர் அதைச் செய்யாது.

ஆகவே வேண்டியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. இதிலும் இரண்டு வகை. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்று எழுதியிருக்கும், மற்றதில் 'எச்டிஎம்ஐ டு ஏவி'. இரண்டும் ஒருவழிப் பாதை. பழைய பிளேயர், புது டிவி என்றால் முதல் வகை. நான் அவசரத்தில் இரண்டாவதை வாங்கிவந்து, ஒரு ராத்திரி முழுக்க நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் பெட்டியைத் திறந்து, எழுத்தைப் படித்து, அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கன்வெர்ட்டருக்கு கரண்ட் தரும் சின்ன யுஎஸ்பி ஒயரை மாட்ட மறக்க வேண்டாம். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே அதற்கு வேண்டியது கிடைத்துவிடும்.

எங்க வீட்ல இன்னும் டப்பா டிவிதான். அதில் புது போனை மாட்டலாமா?

மஞ்சள் துளை இருந்தால் மாட்டலாம். போனிலிருந்து எச்டிஎம்ஐ, அங்கிருந்து மேலே சொன்ன இரண்டாவது வகை கன்வெர்ட்டர், பிறகு டிவி. நீங்கள் எடுத்த வீடியோக்கள் ஓடும். ஆனால் காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்கள் பலவும் இந்த வழியில் கருப்பாகிவிடும். எச்டிசிபி என்ற பூட்டு, மறுமுனையில் இருப்பது சாவி உள்ள கருவியா என்று விசாரிக்கும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம், ரேடியோ நாடகம் மாதிரி.

மஞ்சள் துளையும் இல்லாமல் ஆன்டெனா துளை மட்டும் உள்ள டிவி என்றால் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற இன்னொரு பெட்டி வேண்டும். அந்தக் காலத்து வீடியோ கேம் எல்லாம் அப்படித்தான் ஒரு சேனலில் வந்து உட்காரும். இன்று அதைத் தேடி அலைவது அந்த டிவி மேல் பாசம் உள்ளவர்களுக்கு மட்டும்.

என்னுடையது வெறும் எம்பி3 பிளேயர். டிவி ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால் போதும்.

ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை பின் உள்ள ஒயர் போதும். டிவியில் 'ஏவி இன்' பக்கமுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளில் மாட்டி, ரிமோட்டில் ஏவி தேர்ந்தெடுங்கள். திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஓடிக்கொண்டிருக்கும், அது பாட்டுக்கு இருக்கட்டும். சில டிவிகள் மட்டும் படம் இல்லையென்றால் ஒலியையும் அடைத்துவிடும்.

டிவியின் ஹெட்போன் துளையில் பிளேயரை மாட்டிவிட்டு "வேலை செய்யல" என்பவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். அது ஒலி வெளியே வரும் வாசல், உள்ளே போகாது. 'ஆப்டிகல்' என்று எழுதியிருக்கும் சதுரத் துளையும் அப்படியே.

பிளேயரின் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பது எல்லாம் டிவி ரிமோட்டில் செய்யுங்கள். பிளேயரில் முழுசாக வைத்தால் ஒலி கரகரக்கும், ரொம்பக் குறைத்தால் டிவியைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து கூடும்.

செல்போனைத்தான் இப்போ பிளேயரா வெச்சிருக்கேன். அதை ஒயரில் இணைக்க?

டைப்-சி துளை இருப்பதாலேயே படம் வரும் என்று எண்ணாதீர்கள். இது ஒயர் வியாபாரத்தின் இன்றைய பெரிய பொறி. ஓவல் வடிவத் துளை எல்லாப் போனிலும் ஒன்றுதான், ஆனால் உள்ளே படத்துக்கான இணைப்பை எல்லாக் கம்பெனியும் கொடுப்பதில்லை. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் கிடையாது. போனின் விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளே போர்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் டைப்-சி டு எச்டிஎம்ஐ ஒயர் வேலை செய்யும். சாம்சங்கின் எஸ் வரிசையில் எஸ்8 முதல், ஐபோனில் 15 முதல் இது உண்டு. இல்லாத போனுக்கு எவ்வளவு விலை கொடுத்து ஒயர் வாங்கினாலும் சார்ஜ்தான் ஏறும்.

அதற்கு முந்தைய மைக்ரோ யுஎஸ்பி போன்களில் சிலவற்றில், அதே துளை வழியாகப் படம் அனுப்பும் எம்எச்எல் என்று ஒரு முறை இருந்தது. 2010-ல் வந்தது. போன், அடாப்டர் இரண்டுமே எம்எச்எல் ஆக இருக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்3 அதிலும் தனிப் போக்கு: 5 பின்னுக்குப் பதில் 11 பின் வைத்தது, மற்றவர்கள் அடாப்டர் அதற்கு ஆகாது.

ஒயரே இல்லாமல் முடியுமா?

ஸ்மார்ட் டிவி என்றால் முடியும், பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஆண்ட்ராய்டு போனில் இந்த வசதி கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும்: ஸ்மார்ட் வியூ, காஸ்ட், ஸ்கிரீன் மிரரிங். ஐபோனில் ஏர்பிளே. இவற்றில் மிராகாஸ்ட் என்ற வகைக்கு வீட்டில் வைஃபை ரவுட்டர்கூட வேண்டாம், போனும் டிவியும் நேராகப் பேசிக்கொள்ளும். மற்ற வகைகளுக்கு இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போன் மொபைல் டேட்டாவில், டிவி வைஃபையில் என்று இருந்துவிட்டு "டிவி பெயரே வரல" என்றால் எப்படி வரும்?

பழைய ஐபாட் கிளாசிக், எம்பி4 வகையறாக்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவற்றில் வைஃபையே இல்லை.

பென் டிரைவில் போட்டால் பாதிப் படம் ஓடவில்லை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

ஓடாததற்குக் காரணம் ஃபைலின் உள்ளே இருக்கும் பாஷை. எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் டப்பாவின் பெயர்தான், உள்ளே என்ன சாதம் என்று டப்பா சொல்லாது. எச்.264 படமும் ஏஏசி ஒலியும் உள்ள எம்பி4 என்றால் பெரும்பாலான டிவிகள் ஓட்டிவிடும். படம் ஓடி ஒலி மட்டும் வரவில்லை என்றால், ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபைல் அடுக்கும் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது. மிகச் சரியாக 4,29,49,67,295 பைட், அதோடு நின்றுவிடும். பெரிய படத்துக்கு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்ற வேண்டும், அதை உங்கள் டிவி படிக்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சப்டைட்டில் ஃபைலின் பெயரும் படத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தமிழுக்கு அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, யுடிஎஃப்-8 முறையில் மறுபடி சேமியுங்கள். அதற்குப் பிறகும் கட்டம் தெரிந்தால் டிவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடும் மென்பொருள்தான் அப்போது கதி.

கையில் பார்க்கும்போது பளிச்சென்று இருந்தது, டிவியில் பொரி மாதிரி உதிர்கிறது. ஒயர் மட்டமா?

ஒயர் மேல் தப்பில்லை. சின்னத் திரை பிளேயருக்காகச் சுருக்கிய வீடியோ பெரும்பாலும் 320க்கு 240 புள்ளி, மொத்தம் 76,800. முழு எச்டி டிவியில் 20,73,600 புள்ளிகள், சரியாக 27 மடங்கு. ஒரு புள்ளி இழுபட்டு 27 புள்ளியின் இடத்தை நிரப்புகிறது. சோபாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போடுங்கள், கிண்டல் இல்லை, அதுதான் வழி. ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் மட்டும் டிவி ரிமோட்டில் படவிகிதத்தை 4:3 ஆக்குங்கள்.

ஒயர் மாட்டும்போது சுருக்கென்று ஷாக் அடிக்குதே?

சார்ஜரோ டிவியோ இரண்டு பின் பிளக்கில் ஓடினால் அதன் உலோகப் பாகத்தில் லேசான கசிவு மின்சாரம் நிற்கும். எர்த் இல்லாததால் அது போக வழியில்லை. நீங்கள் தொடும்போது உங்கள் வழியாகப் போகிறது. பெரும்பாலும் விரலில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே கசிவு எச்டிஎம்ஐ துளைக்குள் பொறியாகப் பாய்ந்தால் துளை செத்துவிடும். அதனால் ஒயரை முதலில் மாட்டுங்கள், ஸ்விட்சை அப்புறம் போடுங்கள். கேபிள் டிவி ஒயரும் டிவியில் இருந்தால் அதையும் கழற்றிவைத்துவிட்டு வேலை பாருங்கள். எறும்புக் கடிக்கு மேல் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பிஎஸ்பி, கையடக்க டிவிடி பிளேயர் இதெல்லாம்?

சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியின் முதல் மாடலில் டிவிக்குப் படம் வராது. 2007-ல் வந்த 2000 மாடலிலிருந்துதான் வரும். அதிலும் கேம் விளையாடும்போது படம் திரை நடுவில் சிறிதாக, சுற்றிலும் கருப்புச் சட்டத்தோடு இருக்கும். அது கோளாறு இல்லை.

டிவிடி பிளேயரில் ஒரே ஏவி துளையை உள்ளே, வெளியே இரண்டுக்கும் வைத்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை 'அவுட்' பக்கம் தள்ளுங்கள். டிஸ்கே ஓடவில்லை என்றால் மண்டல எண் பிரச்சினை: இந்தியா 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3.

ஐபாடில் மட்டும் இருக்கும் வீடியோவை வெளியே எடுத்துவிட முடியாதா? ஒவ்வொரு தடவையும் இவ்வளவு ஒயரா?

முடியும். இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

முன்பக்கம் விரலால் சுற்றும் வட்டமான கிளிக் வீல் உள்ள ஐபாட் என்றால் மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். வந்ததும் விரலை எடுத்து, நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்க் முறை என்று திரையில் வரும். இப்போது கம்ப்யூட்டரில் மாட்டினால் பென் டிரைவ் போலத் திறக்கும். ஐபாடுக்கான ஆப்பிள் மென்பொருளான ஐட்யூன்ஸ் தானாக எழுந்து, அழித்துவிட்டு ஒத்திசைக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஒரு தப்பான கிளிக், கல்யாணம் போய்விடும். மேக் கம்ப்யூட்டரில் தயாரான ஐபாடை விண்டோஸில் மாட்டினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். அதற்கும் வேண்டாம்தான், ஒரு மேக்கைத் தேடிப் போங்கள்.

மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்று ஒன்று தெரியும். அதற்குள் 'மியூசிக்', அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டும் படமும் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் பெயர்களெல்லாம் அர்த்தமில்லாத நான்கு ஆங்கில எழுத்துகள். எது கல்யாணம், எது இளையராஜா என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, அளவு வாரியாக அடுக்குங்கள். வீடியோ மேலே வந்துவிடும்.

நான் இதைச் செய்தது நான்காம் நாள், ஆறு சாமானும் வாங்கி முடித்த பிறகு. பெரிய ஃபைல் மூன்று இருந்தன. முதலாவது ஒரு படம், இரண்டாவது ஏதோ கிரிக்கெட் மேட்ச், மூன்றாவதில் பந்தல் வாசலில் சித்தப்பா முழுக் கருப்பு முடியோடு நின்றுகொண்டிருந்தார். பெயரை 'கல்யாணம்' என்று மாற்றிப் பென் டிரைவில் போட்டேன். டிவி அதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டியது. சித்தப்பா நாலு பிரதி கேட்டார்.